அந்த லிஸ்ட்ட அப்படியே அனுப்புங்கன்னு கேக்குறவங்களுக்கு

எங்கயாவது பெரிய வெள்ளமோ நிலநடுக்கமோ வந்துட்டா, இல்ல சண்டை மூண்டு ஜனங்க கூட்டங்கூட்டமா இடம்பெயர ஆரம்பிச்சுட்டா எனக்கு வர்ற மெசேஜ் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். "அந்தப் பக்கம் யார் யார் என்ன சர்வீஸ் குடுக்குறாங்கன்னு ஒரு லிஸ்ட் வெச்சிருப்பீங்களே, அத அப்படியே அனுப்புங்களேன்." கேக்குறவங்க நல்ல மனசோடதான் கேக்குறாங்க. களத்துல நிக்கிறாங்க, எதிர்ல ஒரு அம்மா அழுதுட்டிருக்காங்க, இல்ல குடும்பத்தப் பிரிஞ்சு தனியா வந்த ஒரு பையன் உக்காந்திருக்கான், யார்கிட்ட அனுப்புறதுன்னு தெரியல, உடனே ஒரு பேரும் ஒரு நம்பரும் வேணும். அந்த அவசரம் எனக்குப் புரியுது. ஆனாலும் நான் அந்த லிஸ்ட்ட அப்படியே அனுப்ப மாட்டேன், முதல்ல ரெண்டு கேள்வி கேப்பேன். யாருக்காகக் கேக்குறீங்க, எந்த மாதிரி உதவிக்கு. ஏன் இப்படிப் பண்றேன்னு விளக்கமா எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருந்தேன், இப்பதான் நேரம் கெடச்சுது.

நான் இருக்குறது ப்ரொடெக்‌ஷன் பக்கம். சாப்பாடு, தண்ணி, கூடாரம் இதெல்லாம் வேற டீம் பாக்கும், நாங்க பாக்குறது வன்முறை, சுரண்டல், குடும்பம் பிரிஞ்சு போறது, ஆவணம் தொலைஞ்சு போறது, இருந்த வீட்ட விட்டு மிரட்டித் தொரத்துறது இந்த மாதிரி விஷயங்கள. இதுல எந்த ஒரு நிறுவனத்தாலயும் எல்லாத்தையும் தனியா செய்ய முடியாது. ஒரு பொண்ணுக்கு நடந்த ஒரு கொடுமைக்கே டாக்டர் வேணும், மனசுக்கு ஆதரவு வேணும், இன்னிக்கு ராத்திரி தங்க ஒரு எடம் வேணும், அவங்க விரும்புனா வக்கீல் வேணும், அதுக்கப்புறம் பொழப்புக்கு ஒரு வழி வேணும். இது அஞ்சும் அஞ்சு எடத்துல இருக்கும். ஒரு எடத்துலருந்து இன்னொரு எடத்துக்கு அவங்கள சரியா கொண்டு சேக்குறதுதான் ரெஃபரல், எந்த எடத்துல என்ன கெடைக்கும்னு முன்கூட்டியே தேடி சரிபாத்து எழுதி வெக்குறதுதான் சர்வீஸ் மேப்பிங், அப்படி எழுதி வெச்ச பட்டியலத்தான் நாங்க மேப்னு சொல்வோம். கேக்க ரொம்ப சாதாரணமான கிளார்க் வேலை மாதிரி இருக்கும், புதுசா சேந்த இன்டர்ன் கிட்ட ஒரு எக்செல் ஷீட்டக் குடுத்து வெள்ளிக்கிழமைக்குள்ள முடின்னு சொல்லிடுவாங்க. எனக்கு இதுல கடுமையான மாற்றுக் கருத்து இருக்கு. ஒரு டீம்ல அனுபவமும் பொறுமையும் அதிகமா இருக்குறவங்க கிட்டதான் இந்த வேலையக் குடுக்கணும், ஏன்னா தப்பான ஒரு வரி ஒருத்தர் உயிரோட விளையாடும்.

உதாரணத்துக்கு பாலியல் வன்முறைக்கு ஆளானவங்களுக்கான மருத்துவம். எச்ஐவி தொத்தாம தடுக்குற மாத்திரைய 72 மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சாகணும், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. கர்ப்பம் தடுக்குற அவசர மாத்திரைக்கு 120 மணி நேரம், அதாவது அஞ்சு நாள், அதுலயும் தாமதமாக ஆக பலன் கொறையும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசிய 14 நாளுக்குள்ள போடணும். இப்ப யோசிச்சுப் பாருங்க, லிஸ்ட்ல "கிளினிக், மருத்துவ சேவை உண்டு"ன்னு மட்டும் இருக்கு. நடந்தது வெள்ளிக்கிழமை ராத்திரி, அவங்க தைரியத்த வரவழைச்சு ஒருத்தர் கிட்ட சொன்னது சனிக்கிழமை சாயந்திரம், கிளினிக் சனி ஞாயிறு மூடல், திங்கக்கிழமை காலைல போனா இந்த சிகிச்சைக்குப் பயிற்சி எடுத்த நர்ஸ் லீவு, நாளைக்கு வாங்கன்னு சொல்றாங்க. முடிஞ்சது, 72 மணி நேரம் போச்சு. லிஸ்ட்ல எழுதுனது பொய் இல்ல, அங்க கிளினிக் இருக்கு, மருத்துவ சேவையும் இருக்கு, ஆனா அந்த வரியால அந்தப் பொண்ணுக்கு எந்தப் பிரயோஜனமும் இல்ல. வேற எங்கயாவது முதல்லயே போயிருந்தா கெடைச்சிருக்கக்கூடியதும் போச்சு.

அதனால அந்த ஒரு வரிக்குப் பின்னாடி நான் கேக்குறது நெறைய இருக்கும். எந்தெந்த நாள் எத்தன மணி வரைக்கும் தொறந்திருக்கும், ராத்திரி யாராவது இருக்காங்களா, பயிற்சி எடுத்தவங்க எத்தன பேர், அதுல பொம்பளைங்க எத்தன பேர், மருந்து இப்ப கையில இருக்கா, எக்ஸ்பைரி எப்ப. நெருக்கடி நேரத்துல வர்ற இனப்பெருக்க சுகாதார கிட்ல மூணாம் நம்பர் கிட்தான் இதுக்கானது, 10,000 பேர் இருக்குற எடத்துக்கு மூணு மாசத்துக்குன்னு கணக்குப் போட்டு அனுப்புறது அது. மூணு மாசம் கழிச்சு அடுத்த கிட் வந்துச்சான்னு யாரும் கேக்குறதில்ல, லிஸ்ட்ல மட்டும் "உண்டு" "உண்டு"ன்னு வருஷக்கணக்கா ஓடிட்டிருக்கும்.

இன்னொரு கேள்வி இருக்கு, பல பேரு இத கேக்கவே மாட்டாங்க, எனக்கு இதுதான் எல்லாத்த விடவும் முக்கியமாப் படுது. அங்க போனா போலீஸுக்கு தகவல் போகுமா? சில நாடுகள்ல சட்டமே அப்படி இருக்கு, இந்த மாதிரி காயத்தோட வந்தா டாக்டர் போலீஸுக்கு சொல்லியே ஆகணும். சில எடத்துல சட்டம் அப்படி சொல்லல ஆனா ஆஸ்பத்திரிக்காரங்க வழக்கமா போலீஸ் ரிப்போர்ட் இல்லாம பாக்க மாட்டோம்னு நிப்பாங்க. இது தெரியாம ஒருத்தர அங்க அனுப்பி, அவங்க போய் நின்ன பத்து நிமிஷத்துல யூனிஃபார்ம் போட்டவர் வந்து நின்னா, குடும்பத்துக்கு விஷயம் தெரிஞ்சுபோனா, அதுக்கப்புறம் அவங்களுக்கு நடக்குறதுக்கு யார் பொறுப்பு? அவங்க ஆவணம் இல்லாத அகதியா இருந்தா இன்னும் மோசம், அவங்களையே புடிச்சு உள்ள வெக்குற நெலமை வரலாம். அவங்க முடிவெடுக்குறதுக்கு முன்னாடியே இந்தத் தகவல் அவங்க கைக்குப் போகணும், அதுக்கு நம்ம மேப்ல அது எழுதியிருக்கணும். ஐடி கேப்பாங்களா, எந்த ஐடி, இல்லைன்னா திருப்பி அனுப்புவாங்களா, காசு வாங்குவாங்களா, இலவசம்னு போர்டுல போட்டுட்டு ஸ்கேனுக்கும் டெஸ்ட்டுக்கும் வெளிய போகச் சொல்வாங்களா, இதுவும் இதே வகைதான்.

இப்ப 4டபிள்யூ விஷயத்துக்கு வர்றேன், ஏன்னா பாதி கொழப்பம் இங்கருந்துதான் ஆரம்பிக்குது. யார், என்ன, எங்க, எப்ப - இந்த நாலையும் எல்லா நிறுவனங்கள் கிட்டயும் வாங்கி ஒரே டேபிள்ல போடுறதுதான் 4டபிள்யூ. 2005-ல கிளஸ்டர் முறை, அதாவது ஐநா அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் துறை வாரியா குழுவா சேந்து ஒருங்கிணைக்குறது, வந்ததுக்கு அப்புறம் பெரிய நெருக்கடின்னா கோஆர்டினேஷன் மீட்டிங்ல மொதல்ல கேக்குற காகிதமே இதுதான். எந்த மாவட்டத்துல யாருமே இல்ல, எங்க நாலு பேரு ஒரே வேலையச் செய்றாங்க, பணத்த எங்க திருப்பணும்னு பாக்க அது ரொம்ப நல்ல கருவி, அதுல எனக்கு எந்தக் கொறையும் இல்ல. ஆனா அது நிறுவனங்களுக்காக செஞ்சது. அதுல இருக்குறது எந்த ஏரியால எந்த நிறுவனம் என்ன வேலை, எத்தன பேருக்குப் போய் சேந்துச்சுங்குற கணக்கு. கதவு எங்க இருக்கு, கதவத் தட்டுனா யார் வந்து தொறப்பாங்கன்னு அதுல இருக்காது. அந்த 4டபிள்யூவ எடுத்து நாலு நெடுவரிசைய அழிச்சுட்டு, போன் நம்பருக்கு ஒரு நெடுவரிசை சேத்துட்டு ரெஃபரல் டைரக்டரின்னு பேர் மாத்தி சுத்துல விடுறாங்க பாருங்க, அங்கதான் வெனை. ஹெட் ஆபீஸ்ல உக்காந்திருக்குற ப்ரோக்ராம் மேனேஜர் நம்பர் அதுல இருக்கும். களத்துல பாதிக்கப்பட்டவங்களுக்கு நேரடியா ஒதவுற கேஸ் ஒர்க்கர் நம்பர் இருக்காது. அவசரத்துக்கு அந்த நம்பருக்கு அடிச்சா அவர் வேற நகரத்துல மீட்டிங்ல இருப்பாரு.

இதுல இன்னொரு சிக்கல், அகதிகள்னா ஐநாவோட அகதிகள் அமைப்பான யுஎன்எச்சிஆர் தனியா ஒருங்கிணைக்கும், உள்நாட்டுலயே இடம்பெயர்ந்தவங்கன்னா ப்ரொடெக்‌ஷன் கிளஸ்டர் பாக்கும், அதுக்குள்ளயே குழந்தைகள் பாதுகாப்பு யுனிசெஃப், பாலின வன்முறை யுஎன்எஃப்பிஏ (ஐநா மக்கள்தொகை நிதியம்), நிலம் வீடு சொத்து சம்பந்தமா ஒரு குழு, கண்ணிவெடிக்கு ஒரு குழுன்னு பிரிஞ்சிருக்கும். அதுல தப்பில்ல, ஒவ்வொண்ணுக்கும் தனி நிபுணத்துவம் வேணும். ஆனா ஒரே ஊர்ல ஒரே ஆஸ்பத்திரி நாலு வேற வேற மேப்ல நாலு வேற வேற நேரத்தோட இருக்கறத நான் பாத்திருக்கேன். களத்துல நிக்கிற தன்னார்வலர் எந்த மேப்ப நம்புவாரு? பாதிக்கப்பட்டவங்க நாலு குழுவா பிரிஞ்சு வர்றதில்லையே, கண்ணிவெடில கால் போன ஒரு பையன் அதே நேரம் அப்பா அம்மாவத் தொலைச்ச பையனாவும் இருப்பான். ஒரே தகவல ஒரே எடத்துல வெச்சு, ஒருத்தர் திருத்துனா எல்லாருக்கும் திருந்துற மாதிரி பண்றதுக்கு டெக்னிக்கலா பெரிய கஷ்டம் ஒண்ணும் இல்ல, உக்காந்து பேசணும் அவ்வளவுதான். பேச உக்கார வெக்குறதுதான் கஷ்டம்.

மேப்பிங் பண்றப்ப நான் விடாப்பிடியா சொல்ற ஒரு விஷயம், நேர்ல போய்ப் பாருங்க, அதுவும் பாதிக்கப்பட்டவங்க எங்கருந்து கெளம்புவாங்களோ அங்கருந்து, அவங்க எப்படிப் போவாங்களோ அப்படியே போங்க. ஆபீஸ் வண்டில போகாதீங்க. போன்ல மேப்பத் தொறந்தா மூணு கிலோமீட்டர்னு காட்டும், ஆனா நடுவுல ஒரு செக்போஸ்ட் இருக்கும், அங்க பேரு கேப்பாங்க ஊர் கேப்பாங்க, ஒரு குறிப்பிட்ட சமூகத்து ஆளுங்க அந்தப் பக்கமே போக மாட்டாங்க. இல்ல ஆத்தக் கடக்கணும், மழை பேஞ்சா வழி இல்ல. இல்ல பஸ் காலைல ஒண்ணு சாயந்திரம் ஒண்ணுதான், போனா அன்னிக்கே திரும்ப முடியாது, சின்னப் புள்ளைங்கள விட்டுட்டு எப்படிப் போறது? சக்கர நாற்காலில இருக்குறவங்க அந்த நாலு படிய எப்படி ஏறுவாங்க? உள்ள போனதும் ரிசப்ஷன்ல எல்லார் முன்னாடியும் "என்ன பிரச்சனை"ன்னு சத்தமா கேக்குறாங்களா? கவுன்சிலிங் ரூமுக்கு வெளிய "வன்முறைக்கு ஆளானோர் பிரிவு"ன்னு பெரிய போர்டு தொங்குதா, அப்படின்னா அந்தக் கதவுக்குள்ள நொழையுற ஒவ்வொருத்தரையும் ஊரே பாக்கும். இதெல்லாம் போன்ல கேட்டா யாரும் சொல்ல மாட்டாங்க, வேணும்னே மறைக்கிறாங்கன்னு இல்ல, அங்க தெனமும் வேலை பாக்குறவங்களுக்கு அது கண்ணுலயே படாது.

சில எடத்துல இத சோதிக்க ஒருத்தர பாதிக்கப்பட்டவங்க மாதிரி நடிக்க அனுப்புறாங்க. நான் அதுக்கு ஒத்துக்க மாட்டேன். கையளவு ஆளுங்கள வெச்சு நடத்துற ஒரு சேவைல ஒரு மணி நேரத்த நடிப்புக்குத் திங்கிறது நியாயமில்ல, தெரிஞ்சுபோனா அப்புறம் அவங்க நம்மள நம்ப மாட்டாங்க. நேரா போய், நாங்க இன்ன காரணத்துக்காக வந்திருக்கோம், உங்க எடத்தக் காட்டுங்கன்னு கேட்டா பெரும்பாலானவங்க சந்தோஷமா காட்டுவாங்க, அவங்க பட்டுட்டிருக்குற கஷ்டத்தையும் சேத்து சொல்வாங்க. இன்னொண்ணு, மேப்பிங் பண்ணப் போற எடத்துல பாதிக்கப்பட்டவங்கள தேடிப் புடிச்சு பேட்டி எடுக்காதீங்க. உங்களுக்குத் தெரிய வேண்டியது சேவையப் பத்தி, யாருக்கு என்ன நடந்துச்சுங்குறது இல்ல. பொதுவா ஜனங்க கிட்ட "இந்த மாதிரி பிரச்சனை வந்தா பொம்பளைங்க யார்கிட்ட போவாங்க, எங்க போகப் பயப்படுவாங்க"ன்னு கேட்டாலே போதும், கெடைக்க வேண்டிய எல்லாம் கெடைக்கும்.

அப்படிக் கேக்குறப்பதான் லிஸ்ட்லயே இல்லாத ஆளுங்க வெளிய வருவாங்க. பிரசவம் பாக்குற ஒரு மருத்துவச்சி, ரிட்டயர் ஆன ஒரு டீச்சர், காது கேக்காதவங்க சேந்து நடத்துற ஒரு சின்ன சங்கம், விதவைகள் குழு, வழிபாட்டுத் தலத்துல பொறுப்புல இருக்குற ஒருத்தர். வெளியாளுங்க வர்றதுக்கு முன்னாடியும் அவங்கதான் இருந்தாங்க, நாங்கெல்லாம் மூட்டை கட்டிட்டுப் போன பின்னாடியும் அவங்கதான் இருப்பாங்க. மனநலம், உளசமூக ஆதரவுக்குன்னு 2007-ல ஐஏஎஸ்சி, அதாவது ஐநா அமைப்புகளும் தொண்டு நிறுவனங்களும் சேந்த ஒருங்கிணைப்புக் குழு, வெளியிட்ட வழிகாட்டில நாலு அடுக்கு பிரமிட் ஒண்ணு இருக்கும், அடில அடிப்படை வசதியும் பாதுகாப்பும், அதுக்கு மேல குடும்பமும் சமூகமும் குடுக்குற ஆதரவு, அதுக்கு மேல பயிற்சி எடுத்தவங்க குடுக்குற குறிப்பான ஆதரவு, உச்சில நிபுணர்கள். நாம மேப் பண்றது எப்பவுமே அந்த உச்சிய மட்டும்தான். ஒரு சைக்யாட்ரிஸ்ட் பேர எழுதிட்டு மனநலம்ங்குற கட்டம் நெறஞ்சிடுச்சுன்னு போயிடுறோம், பெரும்பாலான ஜனங்களுக்கு தேவைப்படுறது ரெண்டாவது அடுக்குதான், அது காகிதத்துல எங்கயுமே இருக்காது.

ஆனா இங்க அவசரப்பட்டு அவங்க எல்லார் பேரையும் லிஸ்ட்ல ஏத்திடக் கூடாது. ரெண்டு காரணம். ஒண்ணு, லிஸ்ட்ல ஒரு பேரப் போடுறதுங்குறது அவங்க தலைல பாரத்த ஏத்துறது. 2016-ல இஸ்தான்புல்ல நடந்த உலக மனிதாபிமான உச்சி மாநாட்டுல நிதி குடுக்குறவங்களும் பெரிய உதவி அமைப்புகளும் கிராண்ட் பார்கெய்ன்னு ஒரு ஒப்பந்தம் போட்டு, 2020-க்குள்ள 25 சதவீத நிதிய முடிஞ்சவரைக்கும் நேரடியா உள்ளூர் அமைப்புகளுக்குக் குடுப்போம்னு சொன்னாங்க, அந்த இலக்க எட்டல. பணம் போகல, ஆனா ரெஃபரல் மட்டும் போகுது. ஒரு பெண்கள் குழு, சம்பளம் இல்லாம மூணு பேரு நடத்துறது, ஒரு பெரிய நிறுவனம் போட்ட டைரக்டரில பேர் வந்த உடனே நாளுக்கு பத்து பேரு வந்து நிப்பாங்க, பஸ் காசுகூட இந்தக் குழுவே குடுக்கும். குழந்தைகள் பாதுகாப்புக்கான குறைந்தபட்சத் தரங்கள்ல ஒரு கேஸ் ஒர்க்கருக்கு 25 கேஸுக்கு மேல குடுக்கக் கூடாதுன்னு இருக்கு, ஆனா பெரிய நிறுவனத்துக்கு அந்தக் கணக்க வெச்சுட்டு சின்னக் குழுவுக்கு எந்தக் கணக்கும் வெக்குறதில்ல. நான் இப்பல்லாம் மேப்ல ஒரு நெடுவரிசை போடுறேன், இன்னிக்கு நெலமைக்கு புதுசா எத்தன பேர எடுக்க முடியும்னு. அதுல சைபர்னு சொன்னா சைபர்னு எழுதுவேன், அது அவமானம் இல்ல, அந்த சைபர்தான் அடுத்த நிதிக் கூட்டத்துல பேசும்.

ரெண்டாவது காரணம் ஆபத்து. சில நாடுகள்ல வன்முறைக்கு ஆளான பெண்களுக்கு ஒதவுறதே சிலருக்கு கோவத்த உண்டாக்கும். திருநங்கைகளுக்கோ ஓரினச் சேர்க்கையாளர்களுக்கோ ஒதவுற ஒருத்தர் பேரும் அட்ரஸும் ஒரு பிடிஎஃப்ல வந்து அது வாட்ஸ்அப்ல சுத்துச்சுன்னா அவங்கள ஊர்ல இருக்க விடுவாங்களா? பாதுகாப்பு இல்லம் இருக்குற எடத்த எந்த மேப்லயும் போடக் கூடாது, எந்த கூகுள் ஷீட்லயும் போடக் கூடாது, அத நடத்துறவங்கள தொடர்புகொள்ள அந்த எடத்தக் காட்டிக் குடுக்காத ஒரு நம்பர் மட்டும், அதுவும் நம்பகமான கேஸ் ஒர்க்கர் கையில இருக்குற பிரதில மட்டும். ஏன்னா பொண்டாட்டியத் தேடிட்டு அலையுற ஒருத்தன் கைக்கும் அந்த பிடிஎஃப் போகும். அதனாலதான் என்கிட்ட எப்பவும் ரெண்டு வடிவம் இருக்கும், ஜனங்களுக்கு போஸ்டர்லயும் துண்டுச் சீட்டுலயும் குடுக்குறது ஒண்ணு, கேஸ் ஒர்க்கர்கள் மட்டும் பாக்குறது ஒண்ணு. தனியாளோட சொந்த மொபைல் நம்பர போடாம ஆபீஸுக்குன்னு ஒரு நம்பர் வாங்கச் சொல்லி அதப் போடுவோம், அந்த ஆள் வேலைய விட்டுப் போனாலும் நம்பர் உயிரோட இருக்கும், ராத்திரி ரெண்டு மணிக்கு அவங்க வீட்டுக்கு யாரும் மெரட்டல் போன் பண்ண முடியாது. அப்படியே அனுப்புங்கன்னு கேக்குறவங்க கிட்ட நான் தயங்குறதுக்கு இது பெரிய காரணம்.

அடுத்தது மேப் எவ்வளவு நாள் தாங்கும்ங்குறது. தயிர் மாதிரிதான் இதுவும், ஒவ்வொரு வரிக்கும் தேதி வேணும், தேதி தாண்டுனா அதத் தொடாதீங்க. நெருக்கடியோட மொத வாரங்கள்ல வாரா வாரம் சரிபாக்கணும், நெலமை கொஞ்சம் அடங்குனப்புறம் மாசத்துக்கு ஒரு தரமாவது. கடைசியா யார், எந்தத் தேதில, யார்கிட்ட பேசி சரிபாத்தாங்கன்னு ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியா இருக்கணும். பக்கத்துக்குக் கீழ ஒரே ஒரு தேதி போட்டா எந்த வரி புதுசு எந்த வரி பழசுன்னு எப்படித் தெரியும்? அதோட ப்ராஜெக்ட் எப்ப முடியுதுன்னும் கேட்டு எழுதிடணும், ஏன்னா நெறைய சேவைகள் ஆறு மாசம் ஒரு வருஷம்னு ஃபண்டிங்ல ஓடுறது. 2025 ஜனவரி 20-ஆம் தேதி அமெரிக்கா வெளிநாட்டு உதவிய 90 நாளைக்கு நிறுத்தி வெக்குற உத்தரவு போட்டுச்சு, அதே வாரக் கடைசில வேலைய நிறுத்துங்கன்னு ஒரு சுற்றறிக்கையும் போச்சு, அடுத்த கொஞ்ச நாள்லயே உலகம் பூரா கிளினிக்குகளும் பாதுகாப்பு இல்லங்களும் மூட ஆரம்பிச்சுது. அந்த வாரங்கள்ல எங்க மாதிரி ஆளுங்க செஞ்ச வேலையே போன் எடுத்து வரிசையா "நீங்க இன்னும் இருக்கீங்களா"ன்னு கேட்டதுதான். எந்த மேப்ல ஃபண்டிங் எங்கருந்து வருது, எப்ப முடியுதுன்னு எழுதியிருந்துச்சோ அங்க எந்தெந்த எடத்துக்கு மொதல்ல போன் பண்ணணும்னு தெரிஞ்சுது. மத்த எடத்துல ஜனங்க மூடுன கதவு வரைக்கும் போய்த்தான் தெரிஞ்சுக்கிட்டாங்க.

சாப்ட்வேர் பத்தி ரொம்பப் பேர் கேக்குறாங்க, சுருக்கமா சொல்லிடுறேன். தகவல் சேகரிக்க கோபோடூல்பாக்ஸ் போதும், நெட் இல்லாம வேலை செய்யும். யுஎன்எச்சிஆர் சர்வீஸ் அட்வைசர்னு ஒண்ணு வெச்சிருக்கு, எந்த வகை சேவை எந்த எடத்துலன்னு தேடிப் பாக்கலாம், நல்ல முயற்சி. ஆனா எந்த சாப்ட்வேரும் தானா போன் பண்ணி சரிபாக்காது. வாரத்துக்கு ரெண்டு நாள் இதுக்குன்னே ஒதுக்குன ஒரு ஆள் இல்லாம வாங்குற எந்தத் தளமும் ஆறு மாசத்துல செத்துடும். பட்ஜெட்ல தளத்துக்குப் பணம் எழுதுவாங்க, அந்த ஆளுக்கு எழுத மாட்டாங்க. நீங்க ப்ரொபோசல் எழுதுற எடத்துல இருந்தீங்கன்னா தயவுசெஞ்சு அந்த ஆளோட சம்பளத்த எழுதுங்க. அப்புறம் கரண்ட் போனா, டவர் போனா படிக்க ஒரு பேப்பர் பிரதி, ஜனங்க பேசுற எல்லா மொழிலயும், படிக்கத் தெரியாதவங்களுக்கு படத்தோட.

மேப் சரியா இருந்தாலும் அத கையில வெச்சிருக்குறவங்க எப்படிப் பேசுறாங்கங்குறது தனி. 2011-ல உலக சுகாதார நிறுவனமும் மத்த அமைப்புகளும் சேந்து வெளியிட்ட உளவியல் முதலுதவி வழிகாட்டில மூணே மூணு படிதான்: பாரு, கேளு, இணை. நம்ம மேப்புக்கு வேலை வர்றது மூணாவது படிலதான், அதுக்கு முன்னாடி ரெண்டு படி இருக்கு. பாதிக்கப்பட்டவங்க கிட்ட "உங்கள அங்க அனுப்புறேன்"ன்னு சொல்லக் கூடாது. இந்த இந்த எடம் இருக்கு, இங்க போனா இது நடக்கும், இது நடக்காது, போலீஸுக்கு தகவல் போக வாய்ப்பிருக்கு, போக வர இவ்வளவு நேரம் ஆகும், நீங்க வேணாம்னு சொன்னாலும் எங்ககிட்ட கெடைக்குற மத்த உதவி எதுவும் நின்னுடாது - இவ்வளவையும் சொல்லி முடிவ அவங்க கையில விடணும். அவங்க சம்மதிச்சாதான் அவங்க பேர் அந்தப் பக்கம் போகும், அதுவும் எந்தெந்த தகவல் போகலாம்னு அவங்க சொன்ன அளவுக்கு மட்டும். குழந்தைன்னா அதோட நலன் எதுலன்னு பயிற்சி எடுத்தவங்க சேந்து பாக்கணும், நீங்களா முடிவெடுத்து அனுப்பிடாதீங்க. அனுப்புனப்புறம் போய் சேந்தாங்களா, சேவை கெடைச்சுதான்னு மட்டும் ஒரு வார்த்தை திரும்பி வரணும், கதை வர வேணாம். மாச ரிப்போர்ட்ல எத்தன ரெஃபரல் குடுத்தோம்னு ஒரு எண் போடுறாங்க, எனக்கு அதுல ஈர்ப்பே இல்ல, எத்தன பேருக்கு உதவி கெடைச்சுதுங்குற எண்தான் வேணும், ரெண்டுக்கும் நடுவுல இருக்குற வித்தியாசத்துலதான் மேப்ல எந்த வரி தப்புன்னு தெரியும்.

இன்னொரு விஷயம், பேச சங்கடமானது ஆனா விட முடியாது. சேவை குடுக்குற எடத்துலயே தப்பு நடக்கும். உதவிக்குப் பதிலா உடம்பக் கேட்ட ஆளுங்க இந்தத் துறைல இருந்திருக்காங்க, அதனாலதான் 2003-ல ஐநா பொதுச் செயலாளர் பாலியல் சுரண்டலுக்கு எதிரா தனி அறிக்கையே போட வேண்டி வந்துச்சு. ஒருத்தர ஒரு எடத்துக்கு அனுப்புறோம்னா அங்க ஏதாவது நடந்தா யார்கிட்ட சொல்றதுங்குற நம்பரும் அதே சீட்டுல இருக்கணும், அந்த நம்பர் அதே நிறுவனத்தோட நம்பரா மட்டும் இருக்கக் கூடாது. ஒரு எடத்தப் பத்தி ரெண்டு வேற வேற பேரு வந்து மோசமா சொன்னாங்கன்னா, விசாரணை முடியுற வரைக்கும் அந்த வரிய மறைச்சு வெச்சுடுவேன். அந்த எடத்துக்காரங்க கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்ல.

கடைசியா, காலிக் கட்டங்கள். மேப்பிங் பண்ணி முடிச்சா சில ஊர்களுக்கு நேரா ஒண்ணுமே இருக்காது, ஆம்பளைங்களுக்கும் பையன்களுக்கும் நடந்த பாலியல் வன்முறைன்னா பல மேப்ல முழுப் பக்கமும் காலி. பாக்க நல்லா இல்லன்னு அம்பது கிலோமீட்டர் தள்ளி இருக்குற ஏதோ ஒண்ண எழுதி அந்தக் கட்டத்த ரொப்பிடுவாங்க. அப்படிச் செய்யாதீங்க. "இந்தச் சேவை இங்க இல்ல"ன்னு தேதியோட எழுதுங்க. இல்லாத எடத்துல என்ன பண்றதுன்னும் வழி இருக்கு, பாலின வன்முறைக்கான ஆளு யாரும் இல்லாத எடத்துல வேலை பாக்குறவங்களுக்குன்னே ஐஏஎஸ்சி 2018-ல ஒரு பாக்கெட் கைடு போட்டுச்சு, போன்ல ஆப்பாவும் இருக்கு, தண்ணி லாரி ஓட்டுறவரும் கூடாரம் அடிக்கிறவரும்கூட படிச்சுப் புரிஞ்சுக்கலாம். ஒருத்தங்க நம்மகிட்ட சொன்னா எப்படிக் கேக்கணும், என்ன சொல்லக் கூடாது, அவங்க நம்புற ஒரு ஆள் யாருன்னு எப்படிக் கேக்கணும், பாதுகாப்பா இருக்குறதுக்கு உடனே என்ன செய்யலாம்னு அதுல இருக்கு. காலிக் கட்டம் இருக்குற ஒவ்வொரு ஊர்லயும் வேலை பாக்குறவங்களுக்கு மொதல்ல அதக் குடுங்க. அந்தக் கட்டங்கள மட்டும் தனியா எடுத்து ஒரே பக்கமா போட்டு, பணம் பிரிக்கிற கூட்டத்துக்கு முந்தின நாள் எல்லார் மெயிலுக்கும் அனுப்பிடுங்க. நான் அனுப்புற அந்தப் பக்கத்துல ஒரு ஊர் பேரு மாசக்கணக்கா வந்துட்டே இருந்துச்சு, போன கூட்டத்துல அங்க ராத்திரியும் இருக்குற மாதிரி ரெண்டு நர்ஸுக்கு பணம் ஒதுக்கியிருக்காங்க, ஆளெடுக்குற வேலை ஆரம்பிச்சிருக்கு, அவங்க பயிற்சி முடிச்சு மருந்தோட வந்து உக்காந்தப்புறம்தான் அந்த வரிய மேப்ல ஏத்துவேன்.